ஓர் ஊருக்கு எத்தனை எல்லைகள்?

உங்கள் ஊர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் உடனே விடை சொல்லிவிடுவர். "அந்தப் பாலத்தில் தொடங்கி இந்தப் பெட்ரோல் பங்க்கில் முடிகிறது" என்பார் ஒருவர். "ஊர்ப் பெயர்ப் பலகை நட்டிருக்கிறதே, அதுதான் எல்லை" என்பார் மற்றொருவர். ஆனால் சற்று ஆழ்ந்து பார்த்தால் ஓர் ஊருக்கு ஒரே ஓர் எல்லை இல்லை என்பது விளங்கும். வரி வாங்கும் எல்லை வேறு. பட்டா வழங்கும் எல்லை வேறு. வாக்களிக்கும் எல்லை வேறு. இவை யாவற்றுக்கும் முன்பே மண்ணும் நீரும் போட்டுவைத்த எல்லை வேறு.

இந்த எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதால் நம் அன்றாட வாழ்வில் என்ன விளைகிறது? இதை ஒரு சிற்றூரை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து பார்ப்போம். திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, துறையூர்ச் சாலையில் உள்ள மண்ணச்சநல்லூர் அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு.

இரண்டு ஆறுகளுக்கு அப்பால்

திருச்சியிலிருந்து மண்ணச்சநல்லூருக்குப் பேருந்தில் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் காவிரிப் பாலம். அதைத் தாண்டினால் திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்த தீவு. அதன் பின் கொள்ளிடப் பாலம். அதையும் கடந்தால் 'நம்பர் 1 டோல்கேட்' என்று எல்லோரும் அழைக்கும் சந்திப்பு. அங்கிருந்து வடமேற்காகத் திரும்பும் சாலை சற்று நேரத்தில் உங்களை மண்ணச்சநல்லூரில் கொண்டு சேர்த்துவிடும்.

அரை மணி நேரப் பயணத்தில் நீங்கள் இரண்டு பேராறுகளைக் கடந்துவிட்டீர்கள்! உண்மையில் அவை ஒரே ஆறுதான். குடகு மலையில் பிறந்து மேற்கிலிருந்து ஓடிவரும் காவிரி, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. தென்கிளைக்குக் காவிரி என்ற பெயரே நிலைக்கிறது. வடகிளை கொள்ளிடம் என்று பெயர் பெறுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள நீண்ட தீவே திருவரங்கம்.

கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்வாக ஓடுவது; சரிவும் மிகுந்தது. எனவே தடுப்பு ஏதும் இல்லாவிட்டால் தண்ணீர் கொள்ளிடத்தின் வழியாகவே கடலுக்குப் போய்விடும். காவிரி மணல் மேடிட்டுத் தூர்ந்துபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஆபத்து பெரிதாயிற்று. இதைத் தடுக்கவே ஆர்தர் காட்டன் என்ற பொறியாளரின் திட்டப்படி 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டப்பட்டது. அன்று முதல் பாசன நீர் காவிரிக்கும், வெள்ள நீர் கொள்ளிடத்துக்கும் என்று பங்கிடப்பட்டு வருகிறது.

மண்ணச்சநல்லூர் கொள்ளிடத்தின் வடகரையைச் சேர்ந்த ஊர். ஆனால் கொள்ளிடமோ தாழ்ந்து ஓடும் ஆறு. பள்ளத்தில் ஓடும் நீர் மேட்டிலுள்ள வயலுக்கு எவ்வாறு ஏறும்? இங்கேதான் நம் முன்னோர் கண்ட வாய்க்கால் கணக்கு உதவிக்கு வருகிறது.

வாய்க்காலின் கணக்கு

நீர் மேட்டில் ஏறாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நீரை மெதுவாக இறங்கும்படி செய்யலாம் அல்லவா? அதுவே வாய்க்காலின் இரகசியம்.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆறு ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் 1 மீட்டர் கீழே இறங்குகிறது என்று கொள்வோம். அதன் கரையிலிருந்து ஒரு வாய்க்காலை வெட்டி, அது கிலோமீட்டருக்குக் கால் மீட்டர் மட்டுமே இறங்கும்படி அமைக்கிறோம். 16 கிலோமீட்டர் சென்றபின் நிலைமை என்ன? ஆறு 16 மீட்டர் இறங்கியிருக்கும். வாய்க்கால் 4 மீட்டர்தான் இறங்கியிருக்கும். ஆகவே அந்த இடத்தில் வாய்க்கால் ஆற்றைவிட 12 மீட்டர் உயரத்தில் இருக்கும்! நீர் எங்கும் மேலே ஏறவில்லை. ஆறுதான் அதைவிட விரைவாகக் கீழே போய்விட்டது. (இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. சரிவு இடத்துக்கு இடம் மாறும்.)

இப்போது வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதையும் பாருங்கள். அது வாய்க்காலுக்குக் கீழே இருக்கிறது. மடையைத் திறந்துவிட்டால் போதும், நீர் தானாகவே பாயும். ஏற்றமும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம்.

மண்ணச்சநல்லூர் வழியாகச் செல்லும் பெருவளை வாய்க்கால் இவ்வகையைச் சேர்ந்தது. முக்கொம்பை ஒட்டிய வடகரைப் பகுதியில் வாத்தலை என்ற ஊர் இருக்கிறது. ஆறு இரண்டாகப் பிரியுமுன், நீர்மட்டம் உயர்ந்திருக்கும் அந்த வட்டாரத்திலேயே வாய்க்காலுக்கு நீர் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதே வட்டாரத்தில் தொடங்கும் புள்ளம்பாடி வாய்க்கால் இன்னும் நீண்டது. நாடு விடுதலை பெற்றபின், ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் வெட்டப்பட்டது. கிழக்கே இலால்குடி, புள்ளம்பாடி வட்டாரங்களைக் கடந்து அரியலூர் மாவட்டம் வரை செல்லும் இது, சுமார் 22 ஆயிரம் ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தருகிறது. ஆகஸ்டு முதல் டிசம்பர் வரையிலான பருவத்தில் இதில் நீர் விடுவது வழக்கம்.

ஆகவே இந்த வட்டாரத்தின் முதல் எல்லைக்கோடு வாய்க்கால்தான். வாய்க்காலுக்குக் கீழே நன்செய், மேலே புன்செய். கீழே நெல்லும் வாழையும் செழிக்கும் வண்டல் நிலம். வடக்கே போகப் போகப் பாறை தலைகாட்டும் மேட்டு நிலம்.

சில கல் தொலைவில் உள்ள திருவெள்ளறைக்குச் சென்றால் இதை நேரில் காணலாம். ஊர்ப் பெயரே 'வெண்பாறை' என்று பொருள்படுவது. அங்கே ஆற்று நீர் எட்டாது, கிணறுதான் கதி. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் வெட்டப்பட்ட 'மார்ப்பிடுகு பெருங்கிணறு' இன்றும் அங்கே இருக்கிறது. சுவஸ்திக வடிவில் நான்கு புறமும் படிகள் அமைந்த கிணறு அது. ஒரே வட்டத்துக்குள் ஓரிடத்தில் வாய்க்கால் நாகரிகம், மற்றோரிடத்தில் கிணற்று நாகரிகம்! நிலத்தின் உயரத்தில் உள்ள சில மீட்டர் வேறுபாடு மக்களின் வாழ்க்கை முறையையே மாற்றிவிடுகிறது.

நெல்லும் ஆலையும்

மண்ணச்சநல்லூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பொன்னி அரிசிதான். பொன்னி என்பது காவிரிக்கே உரிய பழம்பெயர். எனினும் இந்நெல்லின் மூலம் மலேசியாவில் உருவான மசூரி நெல் வழியைச் சேர்ந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மேம்பட்ட வெள்ளைப் பொன்னி தமிழ்நாட்டில் 1986-இல் வெளியிடப்பட்டது. சுற்றியுள்ள நன்செய்களிலிருந்து நெல் வந்து சேர வசதி, ஊறவைக்க நீர், காயப்போட வெயிலும் களமும், அரிசியை வெளியூர் அனுப்பச் சாலை ஆகிய யாவும் கைக்கெட்டும் இடம் இது. எனவே இங்கே அரிசி ஆலைகள் பெருகியதில் வியப்பில்லை.

புழுங்கலரிசி செய்வது எளிய தொழில்போலத் தோன்றினும் அதில் நுட்பம் உண்டு. நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது அரிசியிலுள்ள மாவுப்பொருள் கூழாகிப் பின் இறுகுகிறது. அதனால் அரைக்கும்போது அரிசி உடைவது குறைகிறது. தவிட்டுப் பகுதியிலுள்ள தயாமின் என்ற வைட்டமினில் ஒரு பகுதி அரிசியின் உட்புறத்துக்கு நகர்ந்து தங்கிவிடுகிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியே ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருள்.

ஆனால் நெல் ஊறிய நீர் என்னவாகிறது? அதில் மாவுப்பொருளும் பிற கரிமப் பொருள்களும் கரைந்திருக்கும். அதை அப்படியே ஓடையிலோ வாய்க்காலிலோ விட்டால் நுண்ணுயிர்கள் பெருகி நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். நீர் கறுத்து நாற்றமடிக்கும், மீன்கள் பிழைக்கா. எனவே நெல் வேகவைக்கும் ஆலை எங்கிருந்தாலும் அந்நீரைத் தூய்மை செய்தே வெளியேற்ற வேண்டும். அதைப் பார்க்க வேண்டியவர் யார்? இந்தக் கேள்வி நம்மை ஆட்சி எல்லைகளுக்குக் கொண்டு செல்கிறது.

ஆட்சியின் கோடுகள்

ஆட்சி எல்லைகள் மூன்று வகை. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது வருவாய்த்துறையின் எல்லை. இது நிலத்தைப் பற்றியது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு ஆட்சியர். அவருக்குக் கீழே இலால்குடிக் கோட்டத்துக்குக் கோட்டாட்சியர். அதற்குள் மண்ணச்சநல்லூர் வட்டத்துக்கு வட்டாட்சியர். வட்டத்துக்குள் குறுவட்டங்கள், குறுவட்டத்துக்குள் வருவாய்க் கிராமங்கள், கிராமத்துக்கு ஒரு கிராம நிருவாக அலுவலர். பட்டா, சிட்டா, அடங்கல், சாதிச் சான்று, வருமானச் சான்று யாவும் இந்த ஏணியின் வழியே வருபவை. பரம்பரையாக இருந்துவந்த கர்ணம், மணியம் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்ட பிறகே கிராம நிருவாக அலுவலர் முறை வந்தது.

இரண்டாவது உள்ளாட்சியின் எல்லை. இது மக்களுக்கான வசதிகளைப் பற்றியது. மண்ணச்சநல்லூர் ஊர்ப்பகுதி பேரூராட்சி வகையைச் சேர்ந்தது. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தமிழ்நாட்டில் இத்தகைய பேரூராட்சிகள் 490 இருந்தன. அருகிலுள்ள சமயபுரம், ச. கண்ணனூர் என்ற மற்றொரு பேரூராட்சியில் அடங்கும். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, குப்பை அகற்றல், சொத்து வரி, கட்டட அனுமதி ஆகியவை பேரூராட்சியின் பொறுப்பு. வார்டு உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர்; உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கின்றனர். அன்றாட நிருவாகத்தைச் செயல் அலுவலர் கவனிக்கிறார்.

பேரூராட்சிக்கு வெளியே உள்ள சிற்றூர்கள் ஊராட்சிகள். அவற்றை இணைப்பது மண்ணச்சநல்லூர் ஊராட்சி ஒன்றியம். பெயர் ஒன்றே ஆயினும் ஊருக்கும் ஒன்றியத்துக்கும் அதிகாரம் வேறு. ஒன்றியத்துக்குப் பேரூராட்சித் தெருக்களில் எந்தப் பொறுப்பும் இல்லை!

இந்தக் கோட்டின் இருபுறமும் உரிமைகளும் மாறுபடுகின்றன. ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர், பேரூராட்சியில் அப்படியில்லை. ஊராட்சியில் வாக்காளர் அனைவரும் கூடும் கிராம சபை உண்டு. அதில் வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். கிராமப்புற வேலை உறுதித் திட்டம் ஊராட்சிப் பகுதிகளுக்கே உரியது. ஆகவே ஓர் ஊராட்சியை அருகிலுள்ள நகரத்தோடு சேர்ப்பது பற்றிப் பேச்சு எழும்போது, "சாலையும் குடிநீரும் வரும்" என்று சிலர் மகிழ்வதும், "வரி உயரும், வேலை போகும்" என்று சிலர் அஞ்சுவதும் இயல்பே. வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தால் ஒரு குடும்பத்தின் வருமானமே மாறக்கூடும்.

மூன்றாவது தேர்தல் எல்லை. மண்ணச்சநல்லூர் என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி உண்டு. 2008-ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பின்படி உருவான இத்தொகுதி 2011 தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது. இது பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதியில் அடங்கும். எனவே ஊர் இருப்பது திருச்சி மாவட்டத்தில். நாடாளுமன்ற உறுப்பினரோ பெரம்பலூர்த் தொகுதிக்குரியவர்!

இந்தக் கோடுகள் நிலையானவையும் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் போசள மன்னர்களுக்கு இப்பகுதியிலுள்ள கண்ணனூர் தலைநகராக விளங்கியது. அண்மைக் காலத்தையே பாருங்கள். பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து சில பகுதிகள் 1974-இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சென்றன. 1995-இல் கரூரும் பெரம்பலூரும் தனி மாவட்டங்களாயின. ஆனால் ஆறும் வாய்க்காலும் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

ஸ்பெயினில் எப்படி?

மற்ற நாடுகள் சிற்றூர் நிருவாகத்தை எவ்வாறு நடத்துகின்றன? ஒப்பிட்டுப் பார்க்க ஸ்பெயின் நல்ல எடுத்துக்காட்டு. அங்கேயும் வறண்ட நிலமும் வாய்க்கால் பாசனமும் அடுத்தடுத்து இருக்கின்றன.

ஸ்பெயின் நாடு எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட உள்ளாட்சிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெருநகரமான மாட்ரிடும் ஓர் உள்ளாட்சி. மலைமேல் சில நூறு பேர் வாழும் குக்கிராமமும் ஓர் உள்ளாட்சி. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஆயிரம் பேர்கூட இல்லை. இருபதாயிரத்துக்கு மேல் மக்கள் வாழும் மண்ணச்சநல்லூர் அங்கே இருந்தால் பெரிய ஊராகவே கருதப்படும். நகரம், கிராமம் என்று நம்மைப்போல் இருவகை அமைப்புகள் அங்கில்லை. ஊரும் அதைச் சுற்றிய வயலும் காடும் ஒரே உள்ளாட்சிக்குள் அடங்கும். உறுப்பினர்களை மக்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்க, அவர்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். இது நம் பேரூராட்சி முறையை ஒத்திருக்கிறது. மிகச் சிறிய ஊர்களில் வாக்காளர் அனைவரும் கூடி முடிவெடுக்கும் 'திறந்த மன்றம்' உண்டு. இது நம் கிராம சபையை நினைவூட்டுகிறது.

இன்னும் சிறப்பானது வலென்சியா நகரின் நீர் மன்றம். துரியா ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் அதன் உழவர்கள் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்கள் வியாழக்கிழமை நண்பகலில் பேராலய வாயிலில் கூடி, நீர்ப் பங்கீட்டு வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்பளிக்கின்றனர். பல நூற்றாண்டு மரபுடைய இம்மன்றத்தை யுனெஸ்கோ 2009-இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. இங்கே எல்லை ஊரல்ல, வாய்க்கால். ஒரு வாய்க்காலின் நீரைக் குடிக்கும் வயல்கள் எல்லாம் ஒரே சமூகம்.

நமக்கும் இத்தகைய மரபு புதிதன்று. வாய்க்காலையும் ஏரியையும் ஊரார் கூடித் தூர்வாரும் குடிமராமத்து நம்மிடையே இருந்தது. 1858-இல் ஆங்கில ஆட்சி அதற்கெனச் சட்டமே இயற்றியது. 2000-ஆம் ஆண்டில் தமிழ்நாடு இயற்றிய சட்டம், நீரைப் பயன்படுத்தும் உழவர்கள் பாசனப் பகுதிவாரியாகச் சங்கம் அமைக்க வழிசெய்துள்ளது.

நடுவில் நழுவும் பொறுப்பு

இனி நம் முதல் கேள்விக்குத் திரும்புவோம். எல்லைகள் பொருந்தாததால் என்ன நேர்கிறது?

ஊருக்கு நடுவே ஓடும் வாய்க்கால் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதில் குப்பை அடைத்துக்கொண்டிருக்கிறது. வாய்க்காலும் அதன் மதகுகளும் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதில் விழும் குப்பையும் சாக்கடையும் வருவது பேரூராட்சித் தெருவிலிருந்து. வாய்க்காலைக் கடக்கும் பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது. கரையில் ஆக்கிரமிப்பு இருந்தால் புல எண்ணைப் பார்த்து அளந்து சொல்ல வேண்டியது வருவாய்த்துறை. ஆலைக் கழிவு கலந்தால் கவனிக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒரு வாய்க்காலுக்கு ஐந்து அலுவலகங்கள்! மனுவோடு செல்பவர் எந்தக் கதவைத் தட்டுவது?

கேட்டைச் சுமப்பவரோ இந்த ஐவரில் ஒருவருமல்லர். வாய்க்காலின் கடைமடையில் இருக்கும் உழவரே அதைச் சுமக்கிறார். அவர் வேறு ஊராட்சியில், சில சமயம் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். மேலே அடைபட்ட வாய்க்காலுக்காக அவர் அங்கே வாக்களிக்கவும் முடியாது. அந்த ஊர்க் கூட்டத்தில் பேசவும் முடியாது.

நீர் எல்லையை மறந்தால் நேரும் ஆபத்தை 2018-ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. திருவானைக்காவையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்த, 1928-ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய கொள்ளிட இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. போக்குவரத்து அதற்கு முன்பே புதிய பாலத்துக்கு மாற்றப்பட்டிருந்தது நற்பேறு. ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த 45 மதகுகளில் 9 இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. ஓரிடத்தில் மதகு உடைந்தால் கவலை முக்கொம்போடு நிற்பதில்லை. கீழே பல மாவட்டங்களின் பாசனமே கேள்விக்குறியாகிறது.

எனவே ஊரைப் பற்றிய அறிவு என்பது ஊர்ப் பெயரையும் மக்கள்தொகையையும் மனப்பாடம் செய்வதன்று. நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, இடையில் யார் யார் பொறுப்பாளர் என்று அறிவதே உண்மையான ஊரறிவு.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்று

மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் இதைச் செய்து பாருங்கள். பெரிய தாள் ஒன்றில் உங்கள் ஊரின் படத்தை வரையுங்கள். முதலில் நீலக் கோட்டால் ஆறு, வாய்க்கால், ஏரி, ஓடைகளைக் குறியுங்கள். நீர் ஓடும் திசையை அம்புக்குறியால் காட்டுங்கள். மேட்டு நிலத்தையும் தாழ்நிலத்தையும் வண்ணத்தால் வேறுபடுத்துங்கள். அதன்மேல் சிவப்புக் கோட்டால் பேரூராட்சி அல்லது ஊராட்சி எல்லையை வரையுங்கள். பச்சைக் கோட்டால் வருவாய்க் கிராம எல்லையை வரையுங்கள். கிராம நிருவாக அலுவலரிடம் கேட்டால் விவரம் கிடைக்கும்.

இப்போது நீலக் கோடு சிவப்புக் கோட்டை எங்கெங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். வாய்க்கால் உங்கள் ஊருக்குள் நுழையும் இடம் ஒன்று. வெளியேறும் இடம் ஒன்று. இரண்டு இடங்களிலும் சென்று நீரைக் கவனியுங்கள். நுழையும்போது தெளிவாக இருந்த நீர் வெளியேறும்போது கலங்கியிருந்தால், அந்த வேறுபாடு உங்கள் ஊரின் கணக்கு. உலக நீர் நாளான மார்ச் 22 தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்களுள் ஒன்று. ஊராட்சியில் வாழும் வாசகர்கள் அந்தப் படத்தை அக்கூட்டத்துக்கே எடுத்துச் செல்லலாம். பேரூராட்சியில் இருப்போர் தம் வார்டு உறுப்பினரிடம் அதைக் காட்டலாம்.

மேல்மடைக்காரர் செய்வது கடைமடைக்காரரைச் சேரும். இந்த ஓர் உண்மையை நினைவில் கொண்டு எல்லா எல்லைகளையும் பார்த்தால், நம் ஊர் எது என்ற கேள்விக்குச் சற்றே பெரிய விடை கிடைக்கும்.